ஒரே வயலுக்கு இரண்டு பணமா?

"காப்பீட்டுப் பணம்தான் வந்துவிட்டதே, பிறகு எதற்கு நிவாரணம்?" வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் நிற்கும் விவசாயியிடம் இப்படிக் கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களையே கேட்டிருக்கலாம். கேட்பவர் எப்போதும் அதிகாரியாக இருப்பதில்லை, பக்கத்து வயல்காரரும் கேட்பார். கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். அரசுப் பணம் ஒருவருக்கு இரண்டு முறை போனால் இன்னொருவருக்குப் போகாது என்பது உண்மைதான். ஆனால் எது ஒரே பணம் இரண்டு முறை வருவது, எது இரண்டு வெவ்வேறு பணம் என்று பிரித்துப் பார்க்காமலே இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அதனால் கிடைக்க வேண்டியவர் பெயர் பட்டியலில் அடிபடுகிறது. உண்மையிலேயே இரட்டிப்பாக வாங்குபவர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்.

புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்த பிறகு நெல் விவசாயியின் கணக்குக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பணம் வரும். ஒன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வரும் இடுபொருள் மானியம். 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் இது உண்டு. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் விதிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், இறவைப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 6,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு தமிழக அரசு அறிவித்ததும் இதே விகிதம்தான். மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டித் தருவதும் உண்டு. நிவர், புரெவி புயல்களுக்குப் பின் 2021 ஜனவரியில், இறவைப் பயிருக்கு அப்போது இருந்த 13,500 ரூபாய் 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இன்னொன்று, 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் தொகை. இதற்கு நீங்கள் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள். காரீஃப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பயிருக்கு 1.5 சதவீதம், வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன.

செய்தித்தாள்களும் அறிவிப்புகளும் இந்த இரண்டையும் "இழப்பீடு" என்றே எழுதுகின்றன. ஊரில் பேசும்போது இரண்டும் "வெள்ளப் பணம்". குழப்பத்தில் பாதி இங்கே தொடங்குகிறது. நிவாரண நிதியிலிருந்து தருவது நிவாரணம்தான், இழப்பை ஈடுகட்டும் தொகை இல்லை என்பது மத்திய அரசு திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலைப்பாடு. அடுத்த விதைக்கும் உரத்துக்கும் கை கொடுக்கும் பணம் அது. அதனால்தான் அதன் பெயரே இடுபொருள் மானியம். காப்பீட்டுத் தொகையோ, நீங்கள் பிரீமியம் கட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி விளைச்சல் குறைவுக்காக வருவது. நிவாரணத்தை இழப்பீடு இல்லை என்று சொல்லிக்கொண்டே, இழப்பீடு வாங்கியவருக்கு நிவாரணம் கிடையாது என்றும் சொன்னால் அது பொருந்தவில்லை. மத்திய விதிமுறையின் இடுபொருள் மானியப் பகுதியில், காப்பீட்டுத் தொகை பெற்றவருக்கு இது இல்லை என்ற வாசகம் கிடையாது. ஒவ்வொரு பேரிடருக்கும் வெளியாகும் அரசாணையில் தனி நிபந்தனை ஏதாவது இருந்தால் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள்.

இதில் தொழில்நுட்பமான ஒரு விஷயமும் இருக்கிறது. விரிவாக்கப் பணியாளர்கள் விவசாயிகளுக்கு இதை விளக்கியே ஆக வேண்டும் என்பேன். நெல்லுக்கான காப்பீடு உங்கள் வயலை அளப்பதில்லை, ஊரை அளக்கிறது. ஒரு கணக்குக்காக, உங்கள் வருவாய் கிராமத்தில் சம்பா நெல்லுக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று நிர்ணயித்து வருவதுதான் இந்த எண். அந்தப் பருவத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரி 1,600 கிலோ என்றால் குறைவு 400 கிலோ, அதாவது 20 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் வரும். கடைமடையில் பதினைந்து நாள் தண்ணீரில் கிடந்து அழுகிய வயலுக்கும் 20 சதவீதம்தான். மேட்டுப்பாங்கில் நன்றாக விளைந்த வயலுக்கும் அதே 20 சதவீதம். ஊரின் சராசரி 2,000 கிலோவைத் தாண்டிவிட்டால் அழுகிய வயல்காரருக்குக் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது.

நிவாரணக் கணக்கெடுப்பு அப்படி இல்லை. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயல் வயலாகப் போய் 33 சதவீதம் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஊருக்கான அளவுகோல், மற்றது வயலுக்கான அளவுகோல். ஒன்றில் வந்ததை மற்றதில் கழிப்பது, மூட்டைக் கணக்கில் ஏக்கர் கணக்கைக் கழிப்பது மாதிரி.

இந்த நிலைமை மாறப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்குத் தனி வயல் அளவில் இழப்பீடு தரும் பிரிவு காப்பீட்டில் ஏற்கெனவே உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தண்ணீரில் மூழ்கிய நெல் 2018-ல் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. 2026 காரீஃப் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இது நடைமுறைக்கு வரும் இடங்களில் காப்பீட்டுக்காரரும் நிவாரணக்காரரும் ஒரே வயலை, ஒரே வாரத்தில், ஒரே சேதத்துக்காக அளப்பார்கள். அப்போது "இரண்டு பணமா" என்ற கேள்வி இப்போதைவிடச் சத்தமாக எழும். அதற்கு முன்பே, எது எதோடு மோதும், எது மோதாது என்று அரசு தெளிவாக எழுதி வைப்பது நல்லது.

சரி, உண்மையான இரட்டிப்பு எங்கே இருக்கிறது?

ஒரே நிலத்தை ஒரே பயிருக்கு இரண்டு இடங்களில் காப்பீடு செய்வது முதல் இனம். பலர் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். கடன் வாங்கியவருக்குக் காப்பீடு கட்டாயம் என்பது 2020 காரீஃப் முதல் இல்லை. ஆனால் வேண்டாம் என்று கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ எழுதிக் கொடுக்காவிட்டால் பிரீமியத்தை அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். இது தெரியாத விவசாயி அடங்கலை எடுத்துக்கொண்டு பொது சேவை மையத்துக்குப் போய் அதே புல எண்ணுக்கு இன்னொரு பிரீமியம் கட்டுகிறார். இரட்டைக் காப்பீடு என்று கண்டுபிடித்தால் இரண்டு கோரிக்கையையும் நிராகரிக்கவும், பிரீமியத்தைத் திருப்பித் தராமல் இருக்கவும் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இரண்டு மடங்கு கிடைக்கும் என்று நினைத்தவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகும்.

கூட்டுப் பட்டாவில் இன்னோர் இனம். அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரில் 4 ஏக்கர் இருக்கும். பாகம் பிரித்துப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். நால்வரும் தனித்தனியே மனுக் கொடுக்க, ஒவ்வொரு மனுவிலும் முழுப் பரப்பு 4 ஏக்கர் என்று ஏறிவிடும். இதில் எல்லா நேரமும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சிட்டா நகலில் உள்ளதை அப்படியே எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஊரின் சேதப் பரப்பு, விதைத்த பரப்பைவிட அதிகமாக நிற்கும். அந்த ஒரு காரணத்துக்காக முழு ஊரின் பட்டியலும் மறுபரிசீலனைக்குத் திரும்பி வரும். நாலு பேர் கணக்குக்காக நானூறு பேர் காத்திருக்க வேண்டும்.

ஊடுபயிர் உள்ள நிலத்திலும் இது நடக்கும். நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போட்டிருப்போம். தென்னைக்கு நடுவே வாழையோ உளுந்தோ இருக்கும். வேளாண்மைத் துறை ஒரு பயிரை எழுதும், தோட்டக்கலைத் துறை இன்னொன்றை எழுதும். இரண்டுக்கும் முழுப் பரப்பைக் கொடுத்தால் 1 ஏக்கர் 2 ஏக்கராகிவிடும். விதிமுறை விதைத்த பரப்புக்கு மட்டும்தான் மானியம் என்கிறது. வரிசைக் கணக்கை வைத்துப் பரப்பைப் பிரித்து எழுதுவது கஷ்டமான வேலை இல்லை. களத்துக்குப் போகும் உதவி வேளாண்மை அலுவலரும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் ஒரே நாளில், ஒரே தாளில் எழுதினால் போதும்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பகுதியில் கரையேறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் தென்னையை வேரோடு சாய்த்த புயல். அப்போது அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். (7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறத்தாழ இந்த எண்ணிக்கை வரும். நெருக்கி நட்ட தோப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது வேறு விஷயம்.) இந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்தது, மரத்துக்கான பணத்தையும் அகற்றும் கூலியையும் தனித்தனியே சொன்னதுதான். நோக்கம் பிரித்து எழுதப்பட்டிருந்தால், எந்த உதவி எதோடு மோதுகிறது என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். தொண்டு நிறுவனம் இயந்திரம் கொண்டுவந்து மரத்தை அகற்றிக் கொடுத்திருந்தால், அது மோதுவது 500 ரூபாயோடுதான், 600 ரூபாயோடு இல்லை. தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுக்கு 14 ரூபாய் பிரீமியத்தில் 1,750 ரூபாய் காப்பீடு இருந்தது. அந்தப் பிரீமியத்திலும் விவசாயி கட்ட வேண்டியது கால் பங்குதான். அதைக் கட்டி வைத்திருந்த ஒருவரிடம் போய் "நீ இரண்டு பணம் வாங்குகிறாய்" என்று சொல்ல முடியுமா? முன்யோசனையோடு இருந்தவருக்கு அபராதம் போட்டால் அடுத்த தடவை யார் காப்பீடு செய்வார்கள்?

நோக்கத்தைப் பிரிக்காமல் வாரிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சுனாமி நமக்குப் பாடம் வைத்துவிட்டுப் போனது. கடலோரத்தில் படகு கொடுக்கப் போட்டி போட்டுக்கொண்டு நிறுவனங்கள் வந்தன. பல கிராமங்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கண்ணாடியிழைப் படகுகள் சேர்ந்தன. படகு ஏறிப் போகாமல் கரையில் மீன் விற்று வாழ்ந்த பெண்களுக்கும், உப்பு ஏறிய வயல்காரர்களுக்கும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் தொடங்கி, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கு வந்தது. கணினி மென்பொருளைவிட, ஒரே இடத்தில் எழுதி வைப்பது என்ற அந்தப் பழக்கம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இப்போது அரசு விதிமுறையில் நான் குறை காணும் இடத்துக்கு வருகிறேன். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலை வயலிலிருந்து அள்ள, 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. மணல் 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் இந்த உதவி தேவைப்பட்டவர்கள் நிறையப் பேர். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வேறு அரசுத் திட்டத்தில் இதற்கு உதவி பெற்றிருக்கக் கூடாது. உதவி பெறத் தகுதி உள்ளவராகவும் இருக்கக் கூடாது. "பெற்றிருக்கக் கூடாது" என்பது நியாயம். ஒரே மணலை இரண்டு முறை அள்ள முடியாது. "தகுதி" என்ற சொல்தான் இடிக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளின் நிலத்திலும் மேம்பாட்டுப் பணி செய்ய இடமிருந்தது. அப்படியானால் ஏறக்குறைய எல்லாச் சிறு விவசாயியும் "தகுதி உள்ளவர்" ஆகிவிடுகிறார். அங்கே ஆள் வராது, இங்கே பணம் வராது. மணல் அப்படியே கிடக்கும், அடுத்த பருவமும் போகும். காகிதத்தில் இருக்கும் தகுதியைப் பார்த்து யாருக்கும் மறுக்கக் கூடாது. கைக்கு வந்த ரூபாயை மட்டும் கழியுங்கள். பணம் இன்னும் வரவில்லை என்றால் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் திட்டத்தில் வந்தால் அங்கே நிறுத்துங்கள்.

இப்படிச் செய்வது நடக்காத காரியம் இல்லை. பயிர்க் காப்பீட்டிலேயே வழி இருக்கிறது. பருவத்தின் நடுவில், எதிர்பார்க்கும் மகசூல் உத்தரவாத மகசூலில் பாதிக்கும் கீழே போகும் நிலை வந்தால், வரக்கூடிய தொகையில் 25 சதவீதம் வரை முன்பணமாகத் தருகிறார்கள். அறுவடைப் பரிசோதனை முடிந்து இறுதித் தொகை வரும்போது அதைக் கழித்துக்கொள்கிறார்கள். முதலில் கொடு, பிறகு கழி. நிவாரணத்திலும் அதையே செய்யலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது குத்தகை விவசாயியின் நிலைமை. டெல்டாவில் கோயில் நிலத்திலும் வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலத்திலும் பயிரிடுபவர்கள் ஏராளம். 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டவர்களைவிட வாய்ப்பேச்சில் சாகுபடி செய்பவர்கள்தான் அதிகம். பல ஊர்களில் நடப்பது இதுதான்: காப்பீட்டை அடங்கல் வாங்கிச் சாகுபடியாளர் செய்கிறார். நிவாரணம் பட்டாவைப் பார்த்து நில உடைமையாளர் கணக்குக்குப் போகிறது. பெயர் வேறு, ஆதார் எண் வேறு, வங்கிக் கணக்கு வேறு. எந்த மென்பொருளும் இதை இரட்டிப்பு என்று பிடிக்காது. ஆனால் விதை நெல்லைத் தொலைத்தவருக்கு இடுபொருள் மானியம் வரவில்லை. இரண்டு பேர் பெயர் ஒரே புல எண்ணில் இருந்தால் ஒன்றை நீக்கு என்று நாளைக்கு ஒரு கட்டளை போட்டால், நீக்கப்படுவது யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 தொடக்கத்திலிருந்து ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் தருகிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். மனு மேல் மனு எழுதும் வேலை குறையும். ஆனால் அந்த எண் நில உடைமையோடு கோக்கப்பட்டது. நிவாரணத்தையும் காப்பீட்டையும் அந்த ஓர் எண்ணை வைத்தே ஒப்பிட ஆரம்பித்தால் குத்தகைதாரர் கணக்கிலேயே இருக்க மாட்டார். ஆளை வைத்து ஒப்பிடுவதைவிட வயலை வைத்து ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. புல எண், உட்பிரிவு எண், பருவம், பயிர், விதைத்த பரப்பு, உடைமையாளர், சாகுபடியாளர், சேத சதவீதம், அதே சேதத்துக்கு அதே நோக்கத்தில் ஏற்கெனவே வந்த பணம். சேதப் பட்டியலில் இத்தனை கட்டங்கள் இருந்தால் போதும். கடைசிக் கட்டத்தில் "எந்த நோக்கத்துக்கு" என்று எழுதாவிட்டால் மற்ற கட்டங்களால் பயனில்லை. பட்டியலை மூன்று நாளாவது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். யார் எந்த வயலில் நட்டார் என்பது ஊருக்குத் தெரியும்.

விவசாயிகளான உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "எல்லாருக்கும் ஐம்பது சதவீதம்னு எழுதிடுங்க சார்" என்று கணக்கெடுக்க வருபவரை நெருக்குவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். 33 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடைக்காது என்ற பயம் புரிகிறது. ஆனால் மேட்டு வயலையும் பள்ள வயலையும் ஒன்றாக எழுதிய பட்டியலை மேலே யாரும் நம்புவதில்லை. இன்று எப்படியோ வந்துவிட்டாலும் நாளைக்குத் திருப்பிக் கேட்பார்கள். 2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்தது கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களில் வெளிச்சத்துக்கு வந்தபோது, வங்கிக் கணக்கிலிருந்தே பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். இடைத்தரகர் பேச்சைக் கேட்டுப் பெயர் கொடுத்தவர்கள் பலர் அப்போது அதில் மாட்டிக்கொண்டார்கள்.

சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15 வாக்கில் வரும். பயிர்க்கடன் வாங்கியிருந்தால், பொது சேவை மையத்துக்குப் போவதற்கு முன் சங்கத்திலோ வங்கியிலோ பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பிடித்திருந்தால் அந்தப் புல எண்ணுக்கு இன்னொன்று கட்டாதீர்கள். ரசீதில் உட்பிரிவு எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், தப்பு அங்கேதான் அதிகம். குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் அடங்கலில் சாகுபடியாளர் பெயராகத் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே பார்த்து, அதன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்த பிறகு அதை வாங்குவது சுலபமாக இருக்காது.